முயலுக்குப் பலித்த ஊசி அப்பாவுக்குப் பலிக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. விழித்திரை விலகலுக்கு அறுவை சிகிச்சை செய்த ஆறாவது வாரத்தில் தழும்புச் சவ்வு வளர்ந்து, விழித்திரை மறுபடியும் விலகிவிட்டது. இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். இந்தத் தழும்பை முயல்களிடம் ஓர் ஊசி குணப்படுத்தியதாகப் படித்தோம். பணம் கட்டினால் அதை ஏற்பாடு செய்வதாக ஒருவர் சொல்கிறார். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியவர் உங்கள் விழித்திரை மருத்துவர்.

நீங்கள் படித்த சோதனை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வழக்கமாக நலமான முயலின் கண்ணுக்குள் தழும்பை உண்டாக்கும் செல்களைச் செலுத்துவார்கள். சில வாரங்களில் சவ்வு உருவாகி, சுருங்கி, விழித்திரையை இழுத்துப் பிரிக்கும். மருந்தையோ பெரும்பாலும் அதே நாளில், அல்லது அடுத்த சில நாட்களில் கொடுத்துவிடுவார்கள். அதாவது, தழும்பு வருமுன். உங்கள் அப்பாவுக்கு அது வந்தாகிவிட்டது. வருமுன் தடுத்த மருந்து வந்ததைக் கரைக்கும் என்று அந்தச் சோதனை சொல்லவே இல்லை. செய்திக்குறிப்பு எழுதுகிறவர்கள் இதை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்? ‘தடுத்தது’ என்பது ‘குணமாக்கியது’ ஆகிறது; தலைப்பில் முயலே காணாமல் போகிறது. பாதிக்கப்படுவது நோயாளிகள்.

முயலின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் ஒரு பட்டையில் மட்டுமே ஓடுகின்றன; நம் கூர்பார்வைக்கு ஆதாரமான மேக்குலா அதற்கு இல்லை. ஆய்வகத் தட்டில் செல்கள் சுருங்குவதை அளக்கும் சோதனை இன்னும் தொலைவு. அங்கே காப்பாற்ற வேண்டிய விழித்திரையே கிடையாது. ஃபுளோரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தும் இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினும் சேர்ந்த கலவை, தழும்பு வரும் அபாயம் உள்ளவர்களிடம் நடந்து 2001இல் வெளியான மனித ஆய்விலேயே நம்பிக்கை தந்தது. தழும்பு ஏற்கெனவே வந்தவர்களிடம் சோதித்தபோது அறுவை சிகிச்சையின் வெற்றியை அது கூட்டவில்லை.

இனி அந்த ஏற்பாட்டாளர். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. ‘பதிவு செய்த ஆய்வு’ என்று காட்டுவார். பதிவு என்பது அனுமதி ஆகாது. மேக்குலா சிதைவுக்காக அமெரிக்காவில் மூன்று முதிய பெண்கள் தலா 5,000 டாலர் கட்டி, கொழுப்பிலிருந்து எடுத்த ‘ஸ்டெம் செல்’ ஊசியை ஒரே நாளில் இரு கண்களிலும் போட்டுக்கொண்டு பார்வையை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. அதுவும் அரசுப் பதிவேட்டில் ஆய்வாகப் பட்டியலிடப்பட்டிருந்ததுதான். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இரு கண்களுக்கும் ஒரே நாளில் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மருத்துவரே மெதோட்ரெக்சேட் ஊசியைப் பற்றிப் பேசினால் அவரையும் அந்த ஏற்பாட்டாளரையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அது வேறு நோய்களுக்குப் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மருந்து. கண்ணுக்குள் வரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். தழும்பு திரும்ப வராமலிருக்கச் சில அறுவை மருத்துவர்கள் இதைத் தங்கள் பொறுப்பில் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தழும்புக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்தல்ல. பெரிய ஆய்விலும் ஐயமற்ற வெற்றி கிட்டவில்லை. அதை அவரே சொல்வார், சொல்ல வேண்டும். இதுவும் சவ்வை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சையோடு சேர்ந்ததே. அதற்கு மாற்று அல்ல.

சவ்வை எடுத்தபின் விழித்திரையை ஒட்டிப் பிடிக்கக் கண்ணுக்குள் நிரப்புவது சிலிக்கோன் எண்ணெயா வாயுவா, எண்ணெயென்றால் எப்போது அகற்றுவார்கள், எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம் என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் விளக்கக்கூடியதை விளக்காமல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினால், விளக்கம் கிடைக்கும்வரை கையெழுத்திடாதீர்கள். மற்றொரு கண்ணின் விழித்திரையில் கிழிசல் உண்டா என்றும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.