முதல் தூண்டிலை எங்கே போடுவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து வயது. காசிமேட்டுக்கு அவன் அப்பாவோடு மீன் வாங்கப் போய் வந்ததிலிருந்து, தானும் மீன் பிடிக்க வேண்டும் என்று தினமும் அடம்பிடிக்கிறான். நண்பர் கொடுத்த ரீல் வைத்த தூண்டிலோடு வரும் ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் தூண்டில் வளைவுக்கு அவனை அழைத்துப் போகலாம் என்கிறார் என் கணவர். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது ஏற்றதுதானா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வயது ஏற்றதுதான், உங்கள் கணவர் சொல்லும் இடம்தான் ஏற்றதல்ல. தூண்டில் வளைவு என்பது கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்தான்; அவற்றில் அலை படும் இடமெல்லாம் பாசி படர்ந்திருக்கும். வளர்ந்தவர்களுக்கே கால் வழுக்கும் அந்தக் கற்களின் இடுக்கில் சிறுவன் விழுந்தால், அடுத்த அலை வருவதற்குள் அவனைத் தூக்கிவிடலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. காசிமேடு துறைமுகம் வேடிக்கை பார்க்க நல்ல இடம். ஆனால் படகுகள் வந்து அணைவதும் கூடைகள் இறங்குவதுமாக இருக்கும் ஜெட்டியில் தூண்டில் போடுவது பிழைப்புக்கு வந்தவர்களுக்கு இடைஞ்சல். புழல் ஏரியோ நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம், அதை விட்டுவிடுங்கள்.

தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி வந்துவிடும். அந்தப் பக்கத்து ஊர்களில் கரை சரிவாக இறங்குகிற, நீர் ஓடாத குளமோ தாங்கலோ உள்ள ஊரில் உங்களுக்கு உறவோ நட்போ இருந்தால் அங்கே போங்கள். பல ஏரிகளில் மீன்பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும் என்பதால், குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. பழவேற்காடு ஆழம் குறைந்த ஏரிதான். எனினும் படகேறும் ஆசை வேண்டாம். 2011 டிசம்பரில் அங்கே சுற்றுலாப் பயணிகளின் படகு கவிழ்ந்து பலர் இறந்ததை வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ரீல் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வீசத் தெரியாத பிள்ளையின் கையில் அது சிக்கலைத்தான் தரும். அப்பாவின் நேரமெல்லாம் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அவிழ்ப்பதிலேயே போய்விடும். பையன் தன் கையாலேயே தூக்கக்கூடிய மெல்லிய மூங்கில் கழி, கழியின் நீளத்துக்கே நரம்பு, கண்ணில் படும் நிறத்தில் ஒரு தக்கை, சிறிய ஈயக்குண்டு, சிறிய தூண்டில் முள் ஆகியவை போதும். முள்ளின் கூரான முனைக்குச் சற்றுக் கீழே உட்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை, புறப்படும் முன்பே குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் நழுவிப் போகும், போகட்டும். விரலில் குத்தினாலும் முள் வந்த வழியே வெளியே வந்துவிடும் என்பதே முக்கியம். எதிர்முள்ளோடு ஆழமாகக் குத்திவிட்டால் பிடித்து இழுக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்; எப்படிக் குத்தினாலும் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இரைக்கு மண்புழு, அல்லது கெட்டியாகப் பிசைந்த மைதா உருண்டை. இதற்கு உடனே வருவது ஜிலேபி மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளம் குட்டையெல்லாம் நிறைந்துவிட்ட மீன் அது. பெரிய மீனுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கும் பொறுமை ஐந்து வயதுக்குக் கிடையாது. தக்கை இரண்டு முறை துடித்து, பக்கவாட்டில் நகர்ந்து, சட்டென்று அமிழ்வதை அவனே பார்த்து, அவனே தூக்க வேண்டும். வருவது விரல் நீளமே ஆனாலும் அது அவன் பிடித்த மீன். ஜிலேபியின் முதுகு முட்கள் குத்தும் என்பதால், கையை நனைத்துக்கொண்டு தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முட்களைப் படியவைத்த பிறகே பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். கெளுத்தி வந்தால் அப்பாதான் கழற்ற வேண்டும். அதன் முதுகுத் துடுப்பிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் உள்ள முள் குத்தினால் கடுக்கும். குத்திய இடத்தை, பெரியவர் கை வைத்துப் பார்த்துப் பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். அதன் பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கணவரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: அன்று அவர் தனக்கென்று தூண்டில் போடக் கூடாது. தன் தக்கையைப் பார்க்கிற அப்பா பிள்ளையைப் பார்ப்பதில்லை. பையன் எப்போதும் அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் கிடைத்தால் போட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம். மீனை விட்டுவிட்டுத் தவளையைத் துரத்தத் தொடங்கினானென்றால், அவனுக்குப் போதும் என்று பொருள்.

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் பேத்தி பிடித்த சிறு மீனைக் குழம்பு வைக்கலாம் என்றேன். விட்டுவிடச் சொல்லி அழுதுவிட்டாள். நான் செய்தது தவறா?
– வாசகர், மணலி

பதில்: தவறில்லை ஐயா. பிடிப்பது தின்னத்தான் என்பது நம் பழக்கம். அதைப் பேத்திக்கு வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லியிருந்தால் அவள் மனம் அதற்கு ஆயத்தமாகியிருக்கும். விடுவதாக இருந்தால் ஈரக் கையால் எடுத்து, கரையில் துள்ளவிடாமல், உடனே நீரில் விட்டால்தான் பிழைக்கும். ஆனால், எண்ணூர் என்பதால் நான் பேத்தியின் பக்கம். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கலந்த கழிமுகம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவியது. அங்கே பிடித்ததைக் குழந்தைக்குச் சமைத்துக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தடைக்காலத்தில் கரையிலிருந்து தூண்டில் போடலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: போடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று போடும் தூண்டிலுக்கு அல்ல.