கால்நடை மீசென்கைமல் ஸ்டெம் செல்: கேள்வி பதில்

கேள்வி: வெள்ளாட்டு எலும்பு மஜ்ஜைச் செல்களை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் முறை) பார்த்தேன். சிடி90, சிடி44 (செல்லின் மேற்பரப்பில் அடையாளமாக உள்ள புரதங்கள்) வருகின்றன. சிடி73, சிடி105 துளியும் இல்லை. இவை மீசென்கைமல் ஸ்டெம் செல் (எலும்பு, கொழுப்புச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) தானா, ஐயா?

பதில்: சிடி73, சிடி105ஐக் கண்டறியப் போட்ட இரண்டு ஆன்டிபாடியும் (புரதத்தில் ஒட்டி அதை ஒளிரச் செய்யும் பொருள்) மனிதப் புரதத்துக்கு எதிராகத் தயாரானவையா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். 2006இல் பன்னாட்டுச் செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவுகோல் (சிடி73, சிடி90, சிடி105 ஆகியவை 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல், ரத்தச் செல் அடையாளங்களான சிடி45, சிடி34 முதலியவை 2 விழுக்காட்டுக்குள்) மனிதச் செல்லுக்கானது.

புரதமே இல்லையா, ஆன்டிபாடி ஒட்டவில்லையா என்பது ஹிஸ்டோகிராமில் (ஃப்ளோ சைட்டோமெட்ரி தரும் வரைபடம்) தெரியாது. சிடி45 'நெகட்டிவ்' என்று எழுதும் முன், அதே ஆட்டின் ரத்த வெள்ளணுக்களில் அந்த ஆன்டிபாடி ஒளிர்வதைக் காட்டுங்கள். அங்கும் ஒளிராவிட்டால் உங்கள் 'நெகட்டிவ்' செல்லாது. இந்த ஒரு கன்ட்ரோல் இல்லாமல் எத்தனையோ முடிவுகள் அச்சேறுவது வருத்தமான விஷயம்.

பொருந்தும் ஆன்டிபாடி கிடைக்காவிட்டால் ஆர்டி-பிசிஆர் (செல்லின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்யலாம். பிரைமரை (பெருக்கலைத் தொடங்கும் குறுகிய டிஎன்ஏ துண்டு) வெள்ளாட்டு மரபணு வரிசையிலிருந்தே எடுங்கள். எக்ஸான் (மரபணுவில் முதிர்ந்த ஆர்என்ஏவில் எஞ்சும் பகுதி) எல்லையைத் தாண்டி அமையட்டும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத குழாய் ஒன்று கட்டாயம். வரும் பேண்டை (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ பட்டை) சீக்வென்ஸ் செய்துவிடுங்கள். ஆனால் எத்தனை விழுக்காடு செல்லில் அந்தப் புரதம் இருக்கிறது என்பதை பிசிஆர் சொல்லாது.

கேள்வி: டிரிப்சினில் (தட்டில் ஒட்டிய செல்லைப் பிரிக்கும் நொதி) எடுத்த செல்லைச் சாயமேற்றலாமா?

பதில்: சாயமேற்றலாம், ஆனால் டிரிப்சினில் நேரம் கடந்தால் பரப்புப் புரதங்கள் அறுபடும். அக்யூட்டேஸ் என்ற மென்மையான நொதி பாதுகாப்பு.

கேள்வி: செம்மறியாட்டுச் செல்கள் கொழுப்புச் செல்லாக மாறவே மாட்டேன் என்கின்றன. தூண்டும் மருந்துகளாக டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார், ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், இன்சுலின் 10 மைக்ரோகிராம்/மி.லி., இண்டோமெத்தசின் 100 மைக்ரோமோலார் கொடுத்தேன்.

பதில்: அளவு சரிதான். கிணறு (வளர்ப்புத் தட்டின் குழி) முழுக்க நெருக்கமாக வளர்ந்த பிறகே தூண்டுங்கள். ஆரம்ப பாசேஜ் (சில முறை மட்டுமே பிரித்து வளர்த்த) செல்லாக இருக்கட்டும். அப்படியும் வராவிட்டால் 5 விழுக்காடு முயல் சீரம் சேர்த்துப் பாருங்கள். குதிரைச் செல்லுக்கும் இந்த வழி உண்டு.

சாயத்திலும் கவனம் தேவை. கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயத்தின் மூலக்கரைசலை நீருடன் 6:4 கலந்து, வடிகட்டி, உடனே ஊற்றுங்கள். வைத்திருந்தால் படியும் சிவப்புத் துகள் கொழுப்புத்துளி போலவே ஏமாற்றும். துளி சைட்டோபிளாசத்துக்குள், நியூக்ளியஸைச் சுற்றி இருக்கும்; துகள் செல்லுக்கு வெளியிலும் கிடக்கும்.

கேள்வி: எலும்புச் செல்லாக மாற்றும் சோதனையில் தூண்டாத கிணறும் அலிசரின் ரெட்டில் (கால்சியம் படிவைச் சிவப்பாக்கும் சாயம்) சிவக்கிறதே?

பதில்: சாயத்தின் பிஎச் 4.1 முதல் 4.3க்குள் இருக்கிறதா பாருங்கள். ஃபிக்ஸ் செய்தபின் (செல்லை ரசாயனத்தில் நிலைப்படுத்தியபின்) காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசுங்கள். பாஸ்பேட் தங்கினால் பின்னணி சிவக்கும். தூண்டிய கிணற்றில் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் (எலும்பு உப்புக்குப் பாஸ்பேட் தரும் பொருள்) 10 மில்லிமோலாரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் செல்லின் உதவியின்றியே உப்பு படியலாம்.

கேள்வி: மாட்டுச் செல்லுக்குத் தனிக் கவனம் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. செல் வளர்ப்பில் சேர்க்கும் கன்றுக்கரு சீரத்தில் பிவிடி (மாட்டு வயிற்றுப்போக்கு நோய்) வைரஸ் இருக்கலாம். அது மாட்டுச் செல்லில் நன்றாகப் பெருகும். செல்லைக் கொல்லாத வகையாக இருந்தால் மைக்ரோஸ்கோப்பில் எதுவும் தெரியாது. காமா கதிர் பாய்ச்சிய சீரம் வாங்குங்கள். உறைய வைக்கும் முன் ஒவ்வொரு தொகுதியையும் பிவிடிக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்கும் (வளர்ப்பில் கலக்கும் நுண்ணுயிர்) பிசிஆரில் சோதியுங்கள்.