இலவச ஆலோசனை இருந்தும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் ஏன் போவதில்லை?

அமெரிக்காவின் ஏழைப் பகுதிகளில் இலவச மனநல ஆலோசனை இருந்தும் பிள்ளைகள் ஏன் போவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கூச்சம் ஒரு காரணம்தான், ஆனால் அதை மட்டும் சொல்லிப் பழியைப் பிள்ளைகள் மேல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. போய் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்கு அந்தத் தெரு தெரியாது, போலீஸைக் கண்டதும் உடம்பு ஏன் விறைக்கிறது என்பதும் புரியாது. அந்நாட்டு உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் இருபதில் ஒருவர் அளவுதான். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களில் இன்னொரு பயமும் உண்டு. பெற்றோருக்குக் குடியேற்ற ஆவணம் இல்லையென்றால் எந்தப் படிவத்திலும் பெயர் எழுதவே தயங்குவார்கள்.

சரி, எது பலன் தருகிறது? உதவி பள்ளிக்குள்ளேயே வருவது. சிகாகோவில் 2001-இல் தொடங்கிய 'பிகமிங் எ மேன்' திட்டத்தில் பையன்கள் வாரம் ஒருமுறை பள்ளி நேரத்திலேயே வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். அதில் ஒரு பயிற்சி: ஒருவன் கையில் பந்து, இன்னொருவன் 30 நொடிக்குள் அதை வாங்க வேண்டும். பெரும்பாலும் கட்டிப்புரண்டு பிடுங்கத்தான் பார்ப்பார்கள், "கொஞ்சம் தர்றியா" என்று கேட்கத் தோன்றாது, அப்புறம்தான் உண்மையான பேச்சே தொடங்கும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திட்டத்தில் சேராத பையன்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், திட்டம் நடந்த காலத்தில் சேர்ந்தவர்களிடையே வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. திட்டம் முடிந்ததும் அந்தப் பலன் நீடிக்கவில்லை, அதனால் ஓரிரு வருடம் நிதி கொடுத்துவிட்டு நிறுத்துவது பெரிய அநியாயம்.

அவசரம் என்றால் 2022 முதல் அங்கே 988 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஸ்பானிஷிலும் பேசுவார்கள்.