போயாவும் வற்றும்: கரைப்பறவைக் கேள்வி பதில்

மலைநாட்டிலிருந்து மன்னார்ப் பக்கம் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

ஹட்டன்: போயா (பௌர்ணமி) லீவில்தான் வர முடியும் சேர். மன்னார்ப் பக்கத்து வங்காலையில் எத்தனை மணிக்கு நின்றால் பறவை கிட்டத்தில் வரும்?

போயா உங்களுக்குச் சாதகம்தான் தம்பி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி, ஓரிரு நாள் பிந்தியும், பெருக்கும் (கடல் ஏறுவது) வற்றும் (கடல் இறங்குவது) பெரிதாக இருக்கும். அட்டமிப் பக்கம் தண்ணீர் சோம்பலாகக் கிடக்கும். நாளுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். ஆகவே நேற்றைய நேரத்தை நம்பி இன்று போகாதீர்கள். கொழும்பு நேரத்தையும் அப்படியே மன்னாருக்குப் பிடிக்காதீர்கள். கரையில் மீன்பிடிக்கிறவர்களிடம் "இன்றைக்கு வற்று எப்போது?" என்று கேட்டாலே போதும்.

முழு வற்றில் போய் நிற்பதுதான் பலரும் செய்யும் பிழை. அப்போது பறவைகள் தூரச் சேற்றில் வெறும் புள்ளிகள். வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும்போது, வெயில் முதுகில் படுகிற மாதிரி இடம் பிடித்து உட்காருங்கள். தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். முழுப் பெருக்கில் மேட்டில் கூட்டமாக ஒற்றைக்காலில் ஓய்வெடுப்பவற்றை மட்டும் கலைக்க வேண்டாம். அப்போது பறக்கவிட்டால், இரை கிடைக்காத நேரத்தில் உடம்புக் கொழுப்பு வீணாகிறது.

நுவரெலியா: நம் கடல் ஏறி இறங்குவதே அரை மீற்றர் அளவுதானே, அதில் என்ன மாற்றம் வந்துவிடும்?

சரிவைப் பாருங்கள். 500 மீற்றருக்கு ஒரு மீற்றர் மட்டும் இறங்கும் சேற்று வெளியில் தண்ணீர் 50 சென்ரிமீற்றர் வற்றினால், 250 மீற்றர் அகலத்துக்கு இரைத்தளம் திறக்கும். செங்குத்தான கரையில் அதே வற்று இரண்டு எட்டுக்கூட வராது. இன்னொன்று: இவ்வளவு சிறிய ஏற்ற இறக்கத்தைக் காற்றே குழப்பிவிடும். நாள் முழுக்கக் கரையை நோக்கி அடித்தால் வற்று முழுதாக வற்றாது. கணக்குப் பிழைத்தது என்று பலர் திட்டுவது அந்த நாட்களில்தான்.

பண்டாரவளை, ஆசிரியை: இவ்வளவு சேறு திறந்து கிடக்க, ஏன் தண்ணீர் விளிம்பிலேயே ஓடித் திரிகின்றன? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி டீச்சர். சேற்றில் ஈரம் நிற்கும்வரை புழுக்கள் மேல்மட்டத்தில் இருக்கும். வடிய வடிய ஆழத்துக்கு இறங்கும். சேறும் இறுகும், மூக்கு இறங்காது. அதனால் விளிம்பு நகர, பறவையும் நகர்கிறது.

எல்லாம் ஒரே மாதிரி உண்பதில்லை. உப்புக்கொத்தி கண்ணால் பிடிப்பது: நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், புழு வளை வாயில் அசைவு தெரிந்தால் ஒரே கொத்து. உள்ளானும் மூக்கனும் தொட்டறிபவை. மூக்கு நுனியில் நுண்ணிய உணர்வுக் குழிகள் உண்டு. மூக்கு முழுவதும் சேற்றுக்குள் இருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து இரையைக் கவ்வும். அரை நிமிடம் ஒரே பறவையைத் தொலைநோக்கியில் வைத்து, ஓடி நின்று கொத்துகிறதா, தையல் இயந்திர ஊசிபோலக் குத்திக்கொண்டே போகிறதா என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பெயர் தெரியாமலே இனம் பிரிக்கலாம்.

விதிவிலக்கும் உண்டு. ஒற்றைக் கொடுக்கு பெருத்த சிறு நண்டுகள் சேறு திறந்த பிறகுதான் வளையை விட்டு வரும். வளைமூக்குக் கோட்டான் பின்தங்கி மேட்டில் உலவுவது அவற்றுக்காக.

பதுளை: இரவில் தூங்குமா?

வற்று இரவில் வந்தால் இரவிலும் மேயும். பவளக்காலி என்ற நெடுங்கால் பறவை பகலில் பார்த்துக் கொத்தும். இருட்டில் மூக்கைத் தண்ணீரில் பக்கவாட்டில் வீசித் தேடும்.

மஸ்கெலியா: மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்திலும் தண்ணீர் ஏறி இறங்குகிறதே, இதுவும் அப்படித்தானா?

இல்லை. இங்கே நிலவுக்கு வேலையில்லை, மழையும் மின்னுற்பத்தியும்தான். தண்ணீர் பல வாரம் தொடர்ந்து இறங்கி, நீரில் மூழ்கிய பழைய ஊரின் கோயில் வெளித்தெரியும் காலத்தில் கரைச்சேறு காய்ந்து வெடிக்கும். அதிலிருந்த பூச்சிப் புழுக்கள் செத்துவிடும். கடற்சேறு நாளுக்கு இருமுறை நனைகிறது, இது நனைவதில்லை. அதனால் இங்கே பெருங்கூட்டம் சேராது. செப்ரெம்பர் முதல் ஏப்ரல் வரை, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே கல்லுக்குக் கல் நடக்கும் தனி உள்ளானைத் தேடுங்கள். குட்டைகளில் மீன் சிக்கிய நாட்களில் கொக்குகள் கூடும்.

நுவரெலியா, மீண்டும்: கடற்கரையில் இறங்கியதும் தொலைநோக்கி கண்ணாடி மங்கிவிடுகிறதே?

குளிர்ந்த கண்ணாடியில் கரையின் ஈரக்காற்று படிவதுதான். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், உப்புத்தூள் கீறிவிடும்.