வரிசை மாற்றினால் எல்லை என்ன? விடையை நம்பலாமா?

கேள்வி: இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றும்போது புது எல்லைகளை எப்படி எழுதுவது என்று பிடிபடுவதே இல்லை. சார்பு ஒரு புள்ளியில் முடிவிலிக்குப் போகிறது என்றால், அந்தத் தொகையீடு ஒருங்குமா, அதாவது முடிவான ஒரே மதிப்பைத் தருமா, என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: பழைய எல்லைகளைப் பார்த்துப் புது எல்லைகளை எழுத முயலாதீர்கள், அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் பகுதியை வரையுங்கள். எக்ஸ் 0 முதல் 1 வரை, உள்ளே ஒய் எக்ஸிலிருந்து 1 வரை, சார்பு ஈ-யின் அடுக்கு ஒய் வர்க்கம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையில் உள்தொகையை வழக்கமான சார்புகளால் எழுதவே முடியாது. ஆனால் வரைந்தால் (0,0), (0,1), (1,1) ஆகிய மூலைகள் கொண்ட ஒரு முக்கோணம்தான். ஒய்யை ஒரு மதிப்பில் நிறுத்தி, படுக்கையாக ஒரு கோடு இழுங்கள். அது எக்ஸ் = 0-வில் முக்கோணத்துக்குள் நுழைந்து எக்ஸ் = ஒய்யில் வெளியேறுகிறது, அதுதான் உள் எல்லை. வெளியே ஒய் 0 முதல் 1 வரை. இப்போது உள்தொகை சார்பை ஒய்யால் பெருக்கிக் கொடுத்துவிடும், விடை (ஈ − 1)/2. கோடு இழுக்கும் உயரத்தைப் பொறுத்து நுழையும் விளிம்போ வெளியேறும் விளிம்போ மாறினால், பகுதியை அந்த உயரத்தில் இரண்டாக வெட்டிவிடுங்கள். வெளி எல்லையில் எக்ஸோ ஒய்யோ ஒட்டிக்கொண்டிருந்தால் எங்கோ தப்பு.

சரி, ஒருங்குதல். இதில் ஒரு வரிசையில் தொகையிட்டு முடிவான எண் வந்ததும் "ஒருங்கிவிட்டது" என்று எழுதுவதுதான் பெரிய ஆபத்து. எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒய் வர்க்கத்தை, அவற்றின் கூட்டலின் வர்க்கத்தால் வகுத்து, 0 முதல் 1 வரையுள்ள சதுரத்தில் தொகையிடுங்கள். ஒய்யை முதலில் எடுத்தால் பை/4, எக்ஸை முதலில் எடுத்தால் −பை/4. மூலையில் ஒரு சின்னக் கால்வட்டத்தை வெட்டி நீக்கிவிட்டு, அதைச் சுருக்கிக்கொண்டே போனால் 0! மூன்றிலும் கணக்கு சரி, தொகையீடுதான் ஒருங்கவில்லை.

அதனால் முதலில் சார்புக்கு மட்டு மதிப்பு (குறைக் குறியை நீக்கிய மதிப்பு) போடுங்கள். குறை மதிப்பே இல்லாத சார்புக்கு எந்த வரிசையில் போனாலும் ஒரே விடை, அது முடிவிலியாக இருந்தாலும்கூட. இது டொனெல்லி என்ற கணிதவியலர் 1909-இல் நிறுவியது. ஆகவே எது சுலபமோ அந்த வரிசையை எடுக்கலாம். மட்டு போட்ட தொகை முடிவானது என்று தெரிந்த பிறகு, ஃபுபினியின் 1907 தேற்றப்படி மூலச் சார்பின் வரிசையைத் தயங்காமல் மாற்றலாம்.

சிக்கல் ஒரே புள்ளியில் என்றால் துருவ ஆயங்களுக்குப் போங்கள், ஜகோபியனாக, அதாவது ஆயம் மாற்றும்போது பரப்பைச் சரிசெய்யும் பெருக்கியாக வரும் ஆர்-ஐ (புள்ளியிலிருந்து உள்ள தூரம்) மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிவே அதில்தான் இருக்கிறது: 1/ஆர் அடுக்கு பி என்ற சார்பு தளத்தில் ஆதிக்கு அருகே பி 2-க்குக் குறைவாக இருந்தால் ஒருங்கும், முப்பரிமாணத்தில் 3-க்குக் குறைவாக இருந்தால். முடிவிலி வரை போகும் பகுதியில் இது அப்படியே தலைகீழ், பி 2-ஐ (அல்லது 3-ஐ) விடப் பெரிதாக வேண்டும். மேலே சொன்ன சதுரத்துச் சார்பு மட்டு போட்டதும் 1/ஆர் வர்க்கம் போல நடந்துகொள்கிறது, ஜகோபியன் சேர்ந்தால் 1/ஆர், தொகையில் மடக்கை வந்து விரிந்துவிடுகிறது.

சிக்கல் ஒரு கோடு முழுக்க இருந்தால் இந்த 2, 3 உதவாது. எக்ஸ் கழித்தல் ஒய்யின் மட்டு, அடுக்கு பி, கீழே வகுப்பானாக நின்றால் மூலைவிட்டம் முழுவதும் சிக்கல்தான். அங்கே கோட்டுக்குச் செங்குத்தான ஒரு திசை மட்டுமே கணக்கில் வரும் என்பதால், பி 1-க்குக் குறைவாக இருந்தாக வேண்டும்.