செமினாரில் திக்கினால் என்ன செய்வது?

கேள்வி: நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிறுவயதிலிருந்தே எனக்குத் திக்குவாய். பாடும்போதும், தோழிகளோடு ஒரே குரலில் சேர்ந்து வாசிக்கும்போதும் திக்குவதில்லை. ஆனால் என் பெயரைச் சொல்லவே வாய் வருவதில்லை. இந்த செமஸ்டரில் செமினாருக்கு இன்டர்னல் மதிப்பெண் உண்டு. போன முறை காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டேன். "பயத்தை விடு, சரியாகிவிடும்" என்கிறார் அப்பா. சீனியர் அக்கா ஒருவர் பதற்றம் குறைய மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பாவுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தால் திக்குவாய் வருவதில்லை. நாக்கு, உதடு, குரல்வளை ஆகியவற்றை எந்தக் கணத்தில் அசைக்க வேண்டும் என்று மூளை இடும் கட்டளையில் நேரம் பிசகுகிறது. அதுதான் அடிப்படை. பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. இதோடு தொடர்புள்ள சில மரபணு மாற்றங்களை 2010-ல் கண்டுபிடித்தார்கள். பயம் திக்கலைக் கூட்டும், அவ்வளவுதான். பாடும்போது தாளமும், சேர்ந்து வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் குரலும் அந்த நேரக்கணக்கை வெளியிலிருந்து எடுத்துக் கொடுப்பதால் பேச்சு தடையில்லாமல் வருகிறது என்று கருதுகிறோம். உங்கள் நாக்கில் குறை இல்லை. அதனால் வசம்பு தேய்ப்பது, கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது எதுவும் வேண்டாம். கல் மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத் திக்குவாய் உண்டு. பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் நான்கு மடங்கு அதிகம். உங்களைப் போன்ற இன்னொரு பெண்ணை நீங்கள் வகுப்பில் பார்க்காமலே இருந்திருக்கலாம். தனியாக மாட்டிக்கொண்டோம் என்ற உணர்வு அதனாலேயே கூடியிருக்கும்.

காய்ச்சல் என்று சொன்னீர்களே, அதுதான் எனக்குத் திக்கலைவிடக் கவலையாக இருக்கிறது. திக்குவாய் உள்ளவர்கள் அதை மறைக்கப் படும் பாடு வெளியே தெரியாது. 'தண்ணீர்' வராது போலிருந்தால் 'வாட்டர்' என்பார்கள், கடையில் பிடித்ததைக் கேட்காமல் சொல்ல எளிதானதைக் கேட்பார்கள். பெயருக்கும் 'பென்சீன்' போன்ற சொல்லுக்கும் மாற்று கிடையாது, அதனால் அங்கே வந்து நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அன்றைக்கு நிம்மதிதான். அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகிவிடும். ஆகவே திக்காமல் பேசுவதை இலக்காக வைக்காதீர்கள். திக்கினாலும் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிப்பதை இலக்காக வையுங்கள்.

செமினாருக்கு ஒரு வாரம் முன்பே பாடம் எடுக்கும் ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். நேரில் சொல்லக் கடினமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். கூடுதலாக ஐந்து நிமிடமும், முதல் ஆளாகப் பேச வாய்ப்பும் கேளுங்கள். தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பது பலருக்குப் பேசுவதைவிடக் கொடுமை. செய்முறைத் தேர்வில் வைவா கேட்க வெளியிலிருந்து வருபவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கும்படி துறைத் தலைவரைக் கேட்டுக்கொள்ளலாம். இதில் சலுகை எதுவும் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சரியாக மதிப்பிட இது தேவை.

மேடையில் முதல் வாக்கியமாக, "எனக்குத் திக்கும், நடுவில் நின்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லும்போதே திக்கினாலும் பரவாயில்லை. நான் தரும் யோசனைகளில் அதிகம் பலன் தருவது இதுதான். மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் தொண்டையின் இறுக்கம் கணிசமாகக் குறையும், வகுப்பும் என்ன நடக்கிறது என்று புரியாமல் முழிக்காது.

சொல் அடைத்துக்கொண்டால் தள்ளாதீர்கள். தள்ளத் தள்ள இறுகும். அப்படியே நிறுத்தி, உதட்டையும் தாடையையும் தளர்த்தி, அதே சொல்லை மெதுவாக, அழுத்தமில்லாமல் மறுபடி தொடங்குங்கள். அந்த நேரத்தில் தரையைப் பார்க்காமல் யாராவது ஒரு தோழியின் முகத்தைப் பாருங்கள். வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் செய்தால் நான்கு வரி தள்ளி வரப்போகும் கடினமான சொல்லையே மனம் எதிர்பார்த்துக் கொண்டிருக்கும். குறிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் பயிற்சி செய்வதைவிட ஹாஸ்டலில் இரண்டு பேர் முன்னால், அப்புறம் ஐந்து பேர் முன்னால், பிறகு அவர்களையே காலியான வகுப்பறையில் உட்கார வைத்து என்று ஏற்றிக்கொண்டு போங்கள். உங்களுக்காக வார்த்தையை முடித்து வைக்க வேண்டாம் என்று தோழிகளிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்வது கடினம். பேச்சுப் பயிற்சியாளர், அதாவது ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்பது திக்குவாய் உள்ளவர்களே நடத்தும் அமைப்பு. அங்கே உங்களைப் போன்றவர்களோடு பேசிப் பழகலாம். இத்தனை நாளில் முழுதாகக் குணமாக்குவேன் என்று உத்தரவாதம் தருபவரிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள். சிறுவயதில் தொடங்கிப் பெரியவரான பிறகும் நீடிக்கும் திக்குவாய் பெரும்பாலும் முழுதாக மறைவதில்லை. ஆனால் திக்கலின் கடுமையும் சிரமமும் நன்றாகக் குறையும்.

மாத்திரை விஷயம். அக்கா சொல்வது ப்ரோப்ரனலாலாக இருக்க வேண்டும். அது இதயப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், திக்கலைக் குறைக்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலையே உண்டாக்கலாம். மருத்துவர் பார்க்காமல் யார் கொடுத்தாலும் போட வேண்டாம். திக்குவாய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. பதற்றத்தால் தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால், அல்லது கல்லூரிக்குப் போகவே முடியவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பதற்றத்துக்குத் தனியாக நல்ல சிகிச்சை உண்டு.