மரபணு அறிக்கையா, எச்பிஏ1சி-யா?
மரபணு அறிக்கை ‘நீரிழிவு ஆபத்து குறைவு’ என்கிறது, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையில் 6.1% வந்திருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரத்தப் பரிசோதனையைத்தான். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை.

இத்தகைய அறிக்கையின் மரபணு மதிப்பெண், அதாவது பல மரபணு மாற்றங்களைக் கூட்டிக் கணக்கிடும் ஆபத்து அளவு, பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானது. அதில் எண்ணப்படும் மாற்றங்கள் பலவும் நோய்க்கு நேரடிக் காரணமல்ல, காரணமானதற்குப் பக்கத்தில் இருப்பவை. அந்தத் தொடர்பு மக்களுக்கு மக்கள் மாறும், மதிப்பெண்ணும் பிசகும். கிரீன்லாந்து இனுயிட் மக்களிடம் பரவலான, நீரிழிவு ஆபத்தைக் கூட்டும் டிபிசி1டி4 மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் மிக அரிது. எந்த வம்சாவளியோடு ஒப்பிட்டார்கள் என்று அறிக்கை தந்தவர்களிடம் அவசியம் கேளுங்கள்.

எச்பிஏ1சி-யும் பிசகலாம்: ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறைவு) குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவு கூட்டிக் காட்டும். மருத்துவரிடம் சொல்லி, வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் சர்க்கரை பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.